அம்மாவின் கால் வீக்கத்தைத் திரையில் காட்டுவது யார்?

எனக்குச் சென்னையில் வேலை. திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமத்தில் அம்மா தனியாக இருக்கிறார். சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. டாக்டரைப் பார்க்க மூன்று வழிகள்: வீட்டிலிருந்தே வீடியோ கால், துணை சுகாதார நிலையத்தில் நர்சம்மாவை வைத்துக்கொண்டு வீடியோ கால், இல்லையென்றால் சென்னைக்கு பஸ். மூன்றையும் பார்த்தாகிவிட்டது.

வீட்டிலிருந்து பேசுவதுதான் சுலபம் என்று நினைத்தேன். அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். பக்கத்து வீட்டுப் பையனின் போனை வாங்கி, டவர் கிடைக்கும் மொட்டைமாடிக்கு ஏறவேண்டும். பாதியில் படம் போய்க் குரல் மட்டும் மிஞ்சியது. முதல்முறை பார்க்கும் நோயாளிக்குக் குரலை மட்டும் கேட்டு எல்லா மருந்தையும் எழுத 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ விதிமுறை அனுமதிப்பதில்லை. அந்த எச்சரிக்கை சரியானதுதான். "கால்ல வீக்கம் இருக்காம்மா?" என்று டாக்டர் கேட்டார். "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றார் அம்மா. எந்த டாக்டரிடமும் அம்மா சொல்லும் பதில் அது.

அடுத்த வாரம் துணை சுகாதார நிலையம். அங்கே இ-சஞ்சீவனி என்ற அரசின் இணையவழி மருத்துவ ஆலோசனைச் சேவை வழியாக டாக்டர் திரையில் வந்தார். அதே கேள்வி, அதே பதில். ஆனால் நர்சம்மா குனிந்து, கணுக்காலுக்கு மேலே கட்டை விரலால் அழுத்தி எடுத்தார். குழி அப்படியே நின்றது. கேமராவைக் கிட்டே கொண்டுபோய், "குழி விழுது, பாருங்க டாக்டர்" என்றார். அம்மா சாப்பிட்டுவந்த பிரஷர் மாத்திரை அம்லோடிபின் சிலருக்குக் கால் வீக்கம் தரும். டாக்டர் அதை மாற்றி, கிட்னிக்கான ரத்தப் பரிசோதனையும் எழுதினார்.

இதிலும் சிக்கல் உண்டு. கர்ப்பிணிகள் பதிவு, தடுப்பூசி எல்லாம் அந்த நர்சம்மா ஒருவர் தலையில். புதன்கிழமை தடுப்பூசி நாள், அன்று போகாதீர்கள்.

சென்னைப் பயணம் ஸ்கேன், அறுவை சிகிச்சை என்றால் மட்டும். கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தில் இறங்கி சென்ட்ரல் எதிரே உள்ள அரசுப் பொது மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள்ளேயே அம்மாவுக்குக் கால் வீங்கிவிடுகிறது.

என் ஓட்டு இரண்டாவது வழிக்கே. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற தமிழக அரசுத் திட்டத்தில் வீட்டுக்கு வந்து பிரஷர், சர்க்கரை பார்க்கிறார்கள். அந்த ரீடிங்கை ஒரு நோட்டில் எழுதி, துணை சுகாதார நிலையத்துக்குப் போகும்போது கையோடு கொடுத்தனுப்புங்கள். டாக்டர் முதலில் கேட்பதே அதைத்தான்.