எல்டன் ரிங்: வீட்டில் ஆள் இருக்கும்போது

எல்டன் ரிங் நல்ல விளையாட்டா என்று கேட்கும் காலம் போய்விட்டது. 2022 பிப்ரவரி 25 அன்று வெளிவந்தது. அந்த வருடத்தின் சிறந்த விளையாட்டு விருதையும் வாங்கியது. பொன்மரம், குதிரை, செத்துச் செத்துப் பிழைக்கும் ஆட்டமுறை எல்லாம் ஆடாதவர்களுக்குக் கூடத் தெரியும். ஒவ்வொரு தள்ளுபடியின்போதும் யாராவது ஒருவர் "வாங்கலாமா?" என்று கேட்கிறார், அவ்வளவுதான். நெடுநாள் ஆடியவன் என்ற முறையில் எனக்குச் சொல்ல இருப்பது ஒரு பொத்தானைப் பற்றி மட்டும். இல்லாத பொத்தான்.

இந்த விளையாட்டை நிறுத்தி வைக்க முடியாது. மெனுவைத் திறக்கலாம், திறந்தால் திரையில் பட்டியல் வரும், பட்டியலுக்குப் பின்னால் உலகம் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். மிஸ்ட்வுட் காட்டில் அந்தப் பெருங்கரடி துரத்தும்போது மெனுவைத் திறந்து பாருங்கள். கரடிக்கு மெனு தெரியாது.

காரணம் எல்லோரும் அறிந்ததுதான். ஆன்லைனில் ஆடும்போது இன்னொருவர் நம் உலகத்துக்குள் உதவிக்கோ, கொல்லவோ வரலாம். அவர் வாளை ஓங்கும் நேரத்தில் நான் உலகத்தை உறைய வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போக முடியாது. நியாயம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆஃப்லைனில் ஆடும்போது எந்தப் பிறத்தியார் வருகிறார்? இணைய இணைப்பையே பிடுங்கிவிட்டு, நானும் அரக்கனும் மட்டும் இருக்கும்போதும் நிற்காது. இதே நிறுவனம் 2019இல் வெளியிட்ட செகிரோவில் நிறுத்தி வைக்கும் வசதி இருந்தது. செய்யத் தெரியாதவர்கள் இல்லை. வேண்டாம் என்று விட்டிருக்கிறார்கள்.

இந்த வசதி இல்லாதது தனியறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஆடுகிறவருக்குப் பெரிய விஷயமில்லை. நான் இருப்பது பாளையங்கோட்டையில், பல குடும்பங்கள் ஒரே வாசலுக்குள் இருக்கும் ஒரு பழைய வளவு வீட்டில். தார்சா என்கிற முன்திண்ணையைத் தாண்டினால் பட்டாசல் என்கிற கூடம். பட்டாசலைத் தாண்டித்தான் அடுக்களை. இன்வெர்ட்டர் இணைப்பு பட்டாசலில் மட்டும் இருப்பதால் கணினியும் அங்கேதான். ஆக, வீட்டுக்குள் வருகிற ஒவ்வொருவரும் எனக்கும் திரைக்கும் இடையில் நடந்துதான் போக வேண்டும். வளவில் யாரும் கதவைத் தட்டுவதில்லை. தட்டினால் என்னவோ ஏதோ என்று பயந்துவிடுவோம்.

சிலிண்டர் வரும். தண்ணீர் வரும். மாவு அரைத்த பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் பக்கத்து வீட்டு மதினி வருவார். வந்தவர் சும்மா போக மாட்டார்; "அப்படி என்னதான் விளையாட்டோ?" என்று நின்று கேட்பார். பதில் சொல்லாமல் இருக்க முடியுமா? திரையில் மார்கிட் என்ற பாஸ், அதாவது பெரிய எதிரி, சுத்தியலோடு வானத்தில் எழும்பி நிற்கிறான். அவன் ஒரு தனி விஷமி. ஓங்கிய கையை உடனே இறக்க மாட்டான். நாம் உருண்டு முடிக்கும் வரை காத்திருந்து அடிப்பான். அந்த அரை வினாடியில் மதினிக்கு முகம் கொடுத்துப் பேசினால் ஆட்டம் முடிந்தது.

எல்லாவற்றிலும் பெரிய பாஸ் ஆச்சிதான். நிறுத்த முடியாது என்பதை ஆச்சி இன்றுவரை நம்பவில்லை. "டிவி சீரியலே விளம்பரத்துக்கு நிற்கிறது. உன் பெட்டி நிற்காதா, ராசா?" என்று கேட்பார். பதில் என்னிடம் இல்லை. நான் சோம்பேறித்தனத்துக்குச் சாக்குச் சொல்கிறேன் என்றே வளவு முழுக்கப் பேச்சு. பெரியவர்கள் கூப்பிட்டால் வராத பிள்ளை என்ற பெயரை ஒரு விளையாட்டு எனக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறது. ஆனித் தேரோட்டத்துக்கு ஊரிலிருந்து உறவினர்கள் வந்து தங்கியிருந்த நாட்களில் நான் கணினிப் பக்கமே போகவில்லை. போயிருந்தால் குடும்பத்தில் பிளவு.

ஒரு குறுக்குவழி உண்டு. மெனுவைத் திற, உள்ளே போய் வைத்திருக்கும் பொருட்களின் பட்டியலைத் திற, அங்கே உதவிப் பொத்தானை அழுத்து, வரும் தெரிவுகளில் 'மெனு விளக்கம்' என்பதைத் தேர்ந்தெடு. ஒரு விளக்கப் பெட்டி வரும். அந்தப் பெட்டி திரையில் இருக்கும் வரை உலகம் உறைந்து நிற்கும்! அப்படியென்றால் உறைய வைக்கும் வித்தை உள்ளே இருக்கத்தான் செய்கிறது. அதை யாரும் படிக்காத ஒரு விளக்கக் குறிப்பின் அடியில் போட்டு வைத்திருக்கிறார்கள். அம்மா அடுக்களையிலிருந்து "எய்யா, பால் பொங்குகிறது பார்" என்று சொன்ன பிறகு இத்தனை படிகளையும் கடந்தால் பால் அடுப்பில் இருக்கும். நான் கரடியின் வாயில் இருப்பேன். இதைக் கண்டுபிடித்தபோது எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை, கோபம்.

சரி, குறை மட்டும் சொன்னால் நியாயம் ஆகாது. இந்தப் பிடிவாதத்துக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. அதைக் காற்றுக்காலத்தில்தான் பார்த்தேன்.

குற்றாலத்தில் சாரல் என்றால் எங்களுக்குக் காற்று. ஆனி, ஆடி இரண்டு மாதமும் மேற்கிலிருந்து வீசும் காற்றில் வேப்பங்கிளை முறிந்து கம்பியில் விழும். மின்சாரம் போகும், வரும், மறுபடி போகும். போன வருடம் அந்த நேரம் பார்த்து இன்வெர்ட்டர் பேட்டரி செத்துப்போனது. புதிதாக மாற்றும் வரை, மின்சாரம் போனால் கணினியும் அதே நொடியில் அணைந்துவிடும். வேறு விளையாட்டாக இருந்தால் கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்து, ஒரு மாலை நேர உழைப்பு முழுவதையும் மறுபடி செய்ய வேண்டியிருக்கும். இதில் அப்படி இல்லை. நாம் எதை எடுத்தாலும், எதைக் கொன்றாலும் அது தானாகவே எழுதி வைத்துக்கொள்கிறது. மின்சாரம் திரும்பி வந்து கணினியைத் திறந்தால், குகையின் அதே திருப்பத்தில், சேர்த்த ரூன்களோடு (இந்த உலகத்தின் காசு) ஆள் நின்றுகொண்டிருக்கிறான். பாஸ் சண்டையின் நடுவில் போனால் மட்டும் புகைவாசலுக்கு வெளியே நிற்க வைக்கும்; சண்டை முதலிலிருந்து. அதை யார் குறை சொல்வது?

பின்னால்தான் இதை வேறு விதமாகப் பயன்படுத்தத் தொடங்கினேன். ஆச்சி கூப்பிட்டால் மெனுவில் 'விளையாட்டிலிருந்து வெளியேறு'. திரும்பி வந்தால் அதே இடம். துரத்தியவர்கள் மட்டும் தங்கள் பழைய இடத்துக்குப் போய்விட்டிருப்பார்கள். சில நேரம் இது நிறுத்தி வைப்பதை விட லாபம். இறந்தால் ரூன்களை அங்கேயே போட்டுவிட்டு வந்து, மறுபடி போய் எடுப்பதற்குள் இன்னொரு முறை இறந்தால் எல்லாம் போச்சு என்பதுதான் விதி. வெளியேறினால் அந்த நஷ்டமும் இல்லை. முன்வாசலில் பொத்தான் வைக்க மறுத்தவர்கள் பின்வாசலை இவ்வளவு அகலமாகத் திறந்து வைத்திருப்பது ஏன் என்று எனக்குப் புரியவே இல்லை.

கணினியில் ஆடுகிறவர்கள் உடனே ஒன்று சொல்வார்கள்: அதற்கு ஒரு மாட், ரசிகர்கள் செய்த மாற்ற நிரல், இருக்கிறதே, ஒரே விசையில் நின்றுவிடுமே. இருக்கிறது. அதைப் போட வேண்டுமென்றால் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளை அணைத்துவிட்டு ஆஃப்லைனில்தான் ஆட வேண்டும். அங்கேதான் எனக்கு இடிக்கிறது. ஆஃப்லைன் என்றால் தரையில் பிறர் எழுதிவைத்த குறிப்புகள் தெரியாது.

அந்தக் குறிப்புகள் இல்லாமல் இந்த உலகம் பாதி செத்த உலகம். விருப்பப்படி எழுத முடியாது. கொடுத்திருக்கும் சொற்களைக் கோத்துத்தான் எழுத வேண்டும். தமிழ் கிடையாது. அந்தச் சில்லறைச் சொற்களை வைத்துக்கொண்டே மனிதர்கள் எச்சரிக்கிறார்கள், கேலி செய்கிறார்கள், பொய் சொல்கிறார்கள். மலைவிளிம்பில் 'குதித்துப் பார்' என்று எழுதியிருக்கும், குதித்தால் சாவு. வெறும் சுவருக்கு முன்னால் 'மறைவழி' என்று எழுதியிருக்கும். நானும் வாளால் அடித்துப் பார்ப்பேன். சுவர் சுவராகவே இருக்கும். எழுதியவன் எந்த நாட்டில் உட்கார்ந்து சிரிக்கிறானோ. ஆனால் சங்கிலித் தொடராக வரும் கொடிய இடங்களுக்குப் பிறகு ஒரு மேட்டில் ஏறி நின்றால், 'அழகு' என்று யாரோ எழுதிவிட்டுப் போயிருப்பார்.

நாம் எழுதியதை ஒருவர் பாராட்டினால் நம் உயிர்மானம் நிரம்பும். ஸ்டார்ம்வீல் கோட்டைக்குள் ஒரு மூலையில் மறைந்திருப்பவனைப் பற்றி நான் எச்சரிக்கை எழுதி வைத்திருந்தேன். பிறகு வேறெங்கோ, உயிரேற்றும் குடுவை எல்லாம் காலியாகி, அடுத்த அடியில் சாவு என்ற நிலையில் நின்றபோது, யாரோ அந்தக் குறிப்பைப் பாராட்டினார். உயிர் முழுவதும் ஏறியது. ஜெயித்தேன். அந்த ஆள் யார், எந்த ஊர் என்று தெரியப்போவதில்லை. நிறுத்தும் பொத்தானுக்காக இதைக் கைவிடச் சொன்னால் முடியாது.

சியோஃப்ரா ஆற்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அது என்னை அடித்துப்போட்ட இடம். காட்டுக்குள் ஒரு சின்னக் கட்டடம். உள்ளே ஒரு மின்தூக்கி போல இறங்கும் மேடை. இறங்குகிறது, இறங்குகிறது, இன்னும் இறங்குகிறது. கிணற்றில் விட்ட வாளி தண்ணீரைத் தொடவே இல்லை என்றால் எப்படிக் கயிறைப் பிடித்தவனுக்கு வயிறு கலங்குமோ அப்படி இருந்தது. கீழே போய் வெளியே வந்தால், பூமிக்கு அடியில் வானம். நட்சத்திரம். வரைபடத்தில் இந்த இடம் இருப்பதாக அதுவரை ஒரு குறிப்பும் இல்லை. ஒரு பாத்திரமும் சொல்லவில்லை. வேறு விளையாட்டாக இருந்தால் அம்புக்குறி போட்டு, குரல் கொடுத்து, கையைப் பிடித்து அழைத்துப்போயிருக்கும்.

மற்றவை சுருக்கமாக. குதிரை அருமை, காற்றில் இன்னொரு முறை எம்புவது அதைவிட அருமை. கதைமாந்தர்கள் பாதி சொல்லிவிட்டு மறைந்துபோவார்கள், அவர்களைத் தேடுவது தனி வேலை. வெளிவந்த பிறகு ஒரு மேம்படுத்தலில் வரைபடத்தில் அவர்கள் இருக்குமிடத்தைக் குறித்தது ஓரளவு ஆறுதல். கணினியில் வினாடிக்கு 60 சட்டகங்களுக்கு மேல் போகாது, எனக்குக் கவலையில்லை. மலேனியா என்ற பாஸைப் பற்றிப் பேச விருப்பமில்லை. நம்மை அடிக்கும்போதெல்லாம் தன் உயிரை ஏற்றிக்கொள்ளும் ஒருத்தியிடம் என்ன பேசுவது.

கல்லிடைக்குறிச்சியில் இருக்கும் மாமா மகன்தான் போன வாரம் கூப்பிட்டான். "அத்தான், தள்ளுபடி வந்திருக்கிறது. வாங்கட்டுமா?" அவன் வீட்டில் நான்கு மாதக் குழந்தை. வேண்டாம் என்றேன். "பத்து மணிக்குத் தூங்கிவிடும் அத்தான்" என்றான். குழந்தை தூங்கும்; தூங்கியே இருக்கும் என்று உனக்கு எழுதியா கொடுத்திருக்கிறது? ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் கன்ட்ரோலர் என்று ராடான் என்ற பாஸோடு மோத முடியாது. தங்கச்சி ஒரு தடவை கூப்பிட்டு நீ எழுந்திருக்காவிட்டால், ஆச்சியைப் போல வெறும் கேள்வியோடு விட மாட்டாள். விட்சர் 3 வாங்கு என்று சொன்னேன். 2022 டிசம்பரில் வந்த இலவச மேம்படுத்தலுக்குப் பிறகு அதில் கதைக்காட்சியைக் கூட நடுவில் நிறுத்தலாம். "அதை விட இது நல்லது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?" என்றான். சொன்னேன்தான். நான் ஆடியதிலேயே இதுதான் சிறந்தது. வாங்காதே.

யாருமில்லாத வீட்டில் இருப்பவர்கள், ஹாஸ்டலில் காதை மூடிக்கொண்டு ஆடுபவர்கள், இரவுப் பணி முடிந்து ஊர் தூங்கும்போது விழித்திருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். கூட்டுக்குடும்பத்துக்காரர்கள் வேறு பாருங்கள். இந்தத் தீர்ப்பு நேற்றிரவு நடந்ததால் வந்தது என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன்.

நேற்றிரவு மோக் என்ற பாஸோடு சண்டை. 2024 ஜூன் 21 அன்று வந்த 'ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ' விரிவாக்கத்தை எப்போதோ வாங்கிவிட்டேன். ஆனால் ராடானையும் மோக்கையும் கொல்லாமல் அதற்குள் காலெடுத்து வைக்க முடியாது. ராடான் ஒழிந்தான். மோக் சண்டைக்கு நடுவே லத்தீனில் மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்ணுகிறான். எண்ணி முடித்ததும் நம் இரத்தத்தை உறிஞ்சித் தன் உயிரை ஏற்றிக்கொள்கிறான். அவன் 'ஒன்று' என்று சொல்லிக்கொண்டிருந்தபோது வளவின் மறுகோடியிலிருந்து யாரோ மோட்டார் போட்டாயிற்றா என்று கத்தினார்கள். நான் "போட்டாயிற்று" என்று திருப்பிக் கத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த உறிஞ்சலைத் தடுக்க ஒரு படிகத்துளி இருக்கிறதாம், ஆல்டஸ் மேட்டில் எலியனோரா என்பவளைத் தோற்கடித்தால் கிடைக்கும். இன்று அவளைத் தேடிப் போகிறேன், மோட்டாரை முதலில் போட்டுவிட்டு.