ஃபோன் கடையில் போட்டுத் தரும் "இலவச" விபிஎன்: ரங்கூன்காரர்கள் கவனிக்கவும்

உங்கள் வீட்டில் யாருடைய ஃபோனிலாவது கடைக்காரர் ஏற்றிக் கொடுத்த இலவச விபிஎன் (முடக்கிய தளங்களை வேறொரு கம்ப்யூட்டர் வழியாகத் திறந்து தரும் ஆப்) இருந்தால், இன்றைக்கே அதை எடுத்துவிடுங்கள். என் அண்ணியின் ஃபோனில் அப்படி ஒன்று இருந்ததால் எங்கள் குடும்பம் பட்டதைச் சொல்கிறேன்.

அண்ணியின் மகள் மலேசியாவில் வேலை பார்க்கிறாள். மெசஞ்சரில்தான் பேச்சு. 2021 பிப்ரவரியில் மியான்மர் ராணுவம் பேஸ்புக்கை முடக்கியதிலிருந்து விபிஎன் இல்லாமல் அது ஓடாது என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். 2024 மே கடைசியில் விபிஎன்களையே முடக்கத் தொடங்கினார்கள். எல்லாரும் வைத்திருந்த சைஃபன் என்ற விபிஎன்னும் திணறியது. அந்த நேரம் ஸ்கிரீன் மாற்றப் போன கடையில் இருந்தவர் நம் தமிழ்ப் பையன், கோயிலில் பார்த்துப் பழகிய முகம். "அக்கா, இது நிக்காம ஓடும், காசு கிடையாது" என்று ஸாப்யா என்ற ஃபைல் பகிரும் ஆப் வழியாக ஒரு ஏபிகே ஃபைலை (பிளே ஸ்டோர் இல்லாமலே ஆப்பை ஏற்றும் ஃபைல்) அனுப்பி, தானே ஏற்றியும் கொடுத்தார். கேட்ட அனுமதிக்கெல்லாம் அவரே சரி சரி என்று அழுத்தியிருக்கிறார். சொன்னபடி ஓடவும் செய்தது, அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அப்புறம் டேட்டா பேக்கேஜ் வழக்கத்தைவிடச் சீக்கிரம் தீர்ந்தது. சும்மா வைத்திருந்தாலும் ஃபோன் சூடானது. ஒரு நாள் காலையில் அண்ணியால் பேஸ்புக்கிற்குள்ளேயே போக முடியவில்லை. அதற்குள் அவர் பெயரில் மலேசியாவில் கிள்ளானில் இருக்கும் சித்திக்குச் செய்தி போயிருந்தது: ஆஸ்பத்திரிச் செலவு, உடனே பணம் வேண்டும் என்று. சித்தி பதறிப்போய் அனுப்பிவிட்டார். அந்தப் பணம் திரும்பவில்லை.

ஃபோனை வாங்கிப் பார்த்தேன். அந்த ஆப்புக்கு எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதி, தொடர்பு எண்கள், ஸ்கிரீனில் இருப்பதையே படிக்கவிடும் அக்சஸிபிலிட்டி அனுமதி எல்லாம் இருந்தன. ஒரு விபிஎன்னுக்கு இதில் எதுவுமே தேவையில்லை. இணைய இணைப்பும், "விபிஎன் இணைப்புக்கு ஒப்புதலா" என்று ஆண்ட்ராய்டு ஒருமுறை கேட்கும் கேள்வியும் போதும். பாஸ்வேர்டு மாற்றும் கோட் எஸ்எம்எஸ்ஸில்தானே வருகிறது? அதைப் படிக்க முடிந்தவனுக்குக் கணக்கைப் பிடிப்பது பெரிய வேலையே இல்லை. கடைப் பையனிடம் கேட்டதற்கு, "ஃப்ரீயா கொடுத்தது, நான் என்ன பண்ண முடியும்" என்றார்.

போலீசுக்குப் போக முடியுமா? தெருவில் நிறுத்தி ஃபோனைப் பார்த்து, விபிஎன் இருந்தால் பணம் பிடுங்குகிற ஊர் இது. 2025 ஜனவரி 1 அன்று வந்த சைபர் பாதுகாப்புச் சட்டத்தில், அனுமதியில்லாமல் விபிஎன் சேவை தருகிறவர்களுக்கு ஆறு மாதம் வரை சிறை உண்டு. இந்த நிலைமையில் எந்த வீட்டுப் பெண் போய் "என் விபிஎன் ஏமாற்றிவிட்டது" என்று எழுதிக் கொடுப்பார்? இந்தத் திருடர்களுக்கு அதுதான் தைரியம். எனக்கு மிகவும் கோபம் வருவதும் இங்கேதான்.

நல்ல விபிஎன்னாக இருந்தாலும் ஒன்றை மறக்கக் கூடாது. உங்கள் இணையப் போக்குவரத்து முழுக்க அதை நடத்துகிறவன் கம்ப்யூட்டர் வழியாகத்தான் போகிறது. மெசஞ்சரில் எழுதியதை அவன் படிக்க முடியாமல் போகலாம், ஆனால் எந்தத் தளத்துக்கு எப்போது போனீர்கள் என்பது தெரியும். 2016இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 283 ஆண்ட்ராய்டு விபிஎன்களைச் சோதித்ததில், 38 சதவீதத்தில் வைரஸ் போன்ற தீய நிரல்களின் அடையாளம் இருந்தது. 18 சதவீதம் தரவைப் பூட்டி அனுப்பவே இல்லை. 2020இல் ஹாங்காங்கோடு தொடர்புடைய ஏழு இலவச விபிஎன்கள், எதையும் பதிவு செய்வதில்லை என்று சொல்லிக்கொண்டே வைத்திருந்த பதிவுகள் வெளியே கசிந்தன. 2024 மேயில் அமெரிக்கா முடக்கிய 911 எஸ்5 வலையமைப்பு, இலவச விபிஎன் மூலம் விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்குள் புகுந்து, அந்த வீடுகளின் இணைப்பைக் குற்றவாளிகளுக்கு வாடகைக்கு விட்டது. வேறொருவன் செய்த குற்றம் உங்கள் இணைப்பிலிருந்து வந்ததாகப் பதிவானால், இந்த நாட்டில் யாரிடம் போய் விளக்குவீர்கள்?

விபிஎன்னே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, இங்கே அது முடியாது. காசு கொடுக்கும் வாடிக்கையாளர்களை வைத்து இலவசத் திட்டத்தையும் நடத்தும் ப்ரோட்டான் போன்றதைப் பாருங்கள், அதன் நிரலை யாரும் பார்க்கலாம். சைஃபனின் நிரலையும் யாரும் பார்க்கலாம். பிளே ஸ்டோரிலிருந்தோ அவர்களின் சொந்தத் தளத்திலிருந்தோ மட்டும் இறக்குங்கள். ஸ்டோரில் இருப்பதாலேயே நல்லது என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம், அந்த 283உம் அங்கிருந்து வந்தவைதான்.

ஏற்கெனவே மாட்டியிருந்தால், ஆப்பை அழித்தால் மட்டும் போதாது. ஃபோட்டோக்களைத் தனியே எடுத்து வைத்துவிட்டு ஃபோனை ஃபேக்டரி ரீசெட் (எல்லாவற்றையும் அழித்துப் புது ஃபோன் போல ஆக்குவது) செய்யுங்கள். பாஸ்வேர்டுகளை வேறு ஒரு சுத்தமான ஃபோனிலிருந்து மாற்றுங்கள். வெளிநாட்டுச் சொந்தக்காரர்களிடம், பணம் கேட்டு என்ன செய்தி வந்தாலும் சாதாரண ஃபோன் காலில் கூப்பிட்டுக் குரலைக் கேட்காமல் அனுப்ப வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.