பின்கதவு பொருந்தாத வீடு

இந்த முறை ஊர்ப் பயணத்தில் விமானம், குடிவரவு, பெட்டிகள், கட்டுநாயக்காவிலிருந்து பிடித்த வான் எல்லாம் ஒழுங்காகவே நடந்தன. அவற்றைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. நான் எழுத உட்கார்ந்தது கண்டியில் பார்த்த ஒரு அனெக்ஸின், அதாவது வீட்டோடு சேர்ந்த தனி வாடகைப் பகுதியின், அடுப்படிக் கதவைப் பற்றி. ஒரு கதவைப் பற்றி இவ்வளவு எழுதலாமா என்று என் மனைவியே கேட்டுவிட்டாள், இருந்தாலும் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. டிக்கோயாவுக்கு மேலே உள்ள தோட்டமொன்றில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். மாதத்துக்கு ஒரு முறை கண்டி வைத்தியசாலைக் கிளினிக்குக்காக விடிவதற்கு முன்பே பஸ் ஏறி, கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று வளைந்து வளைந்து இறங்கி, நம்பர் எடுத்து, மருந்து வாங்கி, இருட்டிய பிறகு லயத்துக்கு, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டுக்கு, திரும்புவார். 2025 நவம்பர் கடைசியில் டிட்வா சூறாவளி வந்து, மலையகம் முழுக்க மண் இறங்கி, நாட்டில் 600க்கும் அதிகமானோர் இறந்த அந்த நாட்களில், அம்மாவும் லயத்து ஆட்களும் தோட்டத்துப் பாடசாலையில் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். அக்காவின் மகள் கண்டியில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறாள். பாட்டியும் பேத்தியும் சேர்ந்திருக்க நகரத்தில் பாதுகாப்பான ஒரு வீடு பார்த்துக் கொடுத்துவிட்டு வருவதற்காகத்தான், தைப்பொங்கல் முடிந்த கையோடு நான் ரொறன்ரோவின் ஸ்காபுறோவிலிருந்து கிளம்பினேன்.

பாதுகாப்பான வீடு என்றால் என்ன என்பது எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். ரொறன்ரோவில் வீடு மாறுவதென்றால் முதலில் கணினி முன்னால் உட்கார வேண்டும். நகரத்தை 158 பகுதிகளாகப் பிரித்து, எந்தப் பகுதியில் எத்தனை வீடுடைப்பு, எத்தனை வழிப்பறி, எத்தனை கார்க் களவு என்று பொலிஸாரே வரைபடத்தில் போட்டு வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு, ஒரு பகல், ஒரு இரவு என்று இரண்டு முறை அந்தத் தெருவில் நடந்து பார்த்தால் ஒரு முடிவுக்கு வந்துவிடலாம். (அந்த ஊரையும் பெரிதாகப் புகழ்வதற்கில்லை. கார்க் களவு உச்சத்தில் இருந்த 2024இல், திருடர்கள் வீட்டுக்குள் நுழைந்து அடிப்பதைவிட கார்ச் சாவியை முன்வாசலிலேயே வைத்துவிடுங்கள் என்று பொலிஸ்காரர் ஒருவர் கூட்டத்தில் ஆலோசனை சொல்லி, ஊரே சிரித்தது.) கண்டிக்கு அப்படியொரு வரைபடம் எனக்குக் கிடைக்கவில்லை. ஆகவே கொப்பியில் நானே ஒரு பட்டியல் எழுதினேன்: ஜன்னலுக்குக் கம்பி, கேற்றுக்குப் பூட்டு, வாசல்வரை தெருவிளக்கு, கமெரா, பஸ் நிறுத்தத்திலிருந்து நடக்கும் தூரம்.

மருமகளிடம் வாசித்துக் காட்டினேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: “மாமா, எட்டு மணிக்கு நான் பஸ்ஸ விட்டு எறங்கும்போது எந்தக் கடை தொறந்திருக்கும்?” தெருவிளக்கு எரிகிறதென்பதற்காக யாரும் உதவிக்கு வரப்போவதில்லை, கடை திறந்திருந்தால் கடைக்காரர் பார்த்துக்கொண்டிருப்பார் என்பது அவள் கணக்கு. அதையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டேன்.

புரோக்கர் நானா கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலடியில் எங்களைச் சந்தித்தார். என்னைப் பார்த்ததும் “கனடாத் தொரை வந்தாச்சா” என்று கேட்டதிலேயே வாடகை ஐயாயிரம் ரூபாய் ஏறிவிட்டது எனக்குப் புரிந்தது. வழிநெடுக அவர் இடங்களுக்கு மார்க் போட்டுக்கொண்டே வந்தார். இங்கே கரச்சல் இல்லை, அங்கே தூள் விக்கிறாங்க, இந்த லேனில் எல்லாம் டொக்டர்மார், அந்தப் பக்கம் நம்ம ஆக்கள். மகியாவைப் பக்கம் வந்ததும் கையை மட்டும் ஒரு தரம் வீசினார். அங்கே மாநகரசபைத் துப்புரவுத் தொழிலாளர்களின் குடியிருப்பு இருக்கிறது, நம்முடைய சனங்கள்தான். அந்தக் கைவீச்சில் களவு பற்றிய பயம் எவ்வளவு, சாதி எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம். ஆனால் அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. 2018 மார்ச்சில் திகனவில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்து, கண்டியில் ஊரடங்கு போட்டு, வாட்ஸ்அப்பையும் முடக்கிய அந்த வாரத்தில், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எந்த வீட்டில் போய் இருந்தார் என்பதை அவர் கேட்காமலே சொன்னார். 1983 ஜூலையில் கண்டியில் தமிழர் கடைகள் எரிந்தபோது, திரிகோணமலை வீதியில் கணக்கப்பிள்ளையாக இருந்த என் அப்பா எந்தச் சிங்கள வீட்டின் பின்னறையில் இரண்டு இரவு இருந்தார் என்பதை நானும் சொன்னேன். அந்த ஐந்து நிமிடம் எங்கள் இரண்டு பேருக்கும் இடையில் வாடகைப் பேச்சு இல்லை.

அவர் காட்டிய மூன்றாவது வீடுதான் அந்த அனெக்ஸ். கண்டி வாவிக்குத் தெற்கே மேடேறும் ஒரு பாதையில், மேலே வீட்டுக்காரர், கீழே இரண்டு அறையும் அடுப்படியும். ஜன்னல் எல்லாவற்றுக்கும் கம்பி. கேற்றுக்கு இரண்டு பூட்டு. வாசலில் கமெரா. பாதையில் மூன்று விளக்கு, மூன்றும் எரிகிற விளக்கு. முச்சந்தியில் இரவு ஒன்பதுவரை திறந்திருக்கும் கடை. முன்வாசலில் நின்றால் தலதா மாளிகையின் கூரையும், எதிர்மலையில் பஹிரவகந்தைப் புத்தர் சிலையும் தெரிகின்றன. என் பட்டியலில் இத்தனை சரி அடையாளம் ஒரே வீட்டில் விழுந்ததில்லை. ஆறு மாத முற்பணத்தை உறையில் போட்டுத் தயாராக வைத்திருந்தேன். வீட்டுக்கார மாத்தயா ஓய்வுபெற்ற உத்தியோகத்தர். இஞ்சி போட்ட தேநீர் கொடுத்தார்.

தேநீர் வந்தபோது அம்மா கதிரையில் இல்லை. அடுப்படியில் நின்றுகொண்டு பின்கதவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். மூன்று தரம், நான்கு தரம். எனக்குக் கூச்சமாக இருந்தது. அடுத்தவர் வீட்டுக் கதவை இப்படிப் போட்டு அசைக்கலாமா என்று நினைத்தபடி உள்ளே போனேன்.

“இந்தக் கதவ யாரு எழைச்சது?” என்று அம்மா கேட்டார்.

மழைக்கு மரம் ஊதிவிட்டது, அதனால் தச்சுப் பாஸ் கொஞ்சம் சீவினார் என்றார் நானா. அம்மா என் கையைப் பிடித்துக் கதவின் மேல் மூலையில் வைத்தார். பிடியிலிருந்து கீழே பழைய பழுப்புப் பெயின்ட் அப்படியே இருந்தது; மேல் மூலையில் மட்டும் ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளை மரம் தெரிய, ஆப்பு வடிவத்தில் இழைத்திருந்தார்கள். “மரம் ஊதுனா ஓரம் பூரா எழைப்பாங்க தம்பி. இது நெலைதான் சரிஞ்சிருக்கு.” பிறகு சுவரைக் காட்டினார். வீடு முழுவதும் மங்கிப்போன மஞ்சள். அடுப்படியின் பின்சுவர் மட்டும் புத்தம்புது எலுமிச்சைப் பச்சை. அதன் மேல் பெருவிரல் நகத்தை வைத்து மெதுவாக இழுத்தார். ஜன்னல் மூலையிலிருந்து தரையை நோக்கிச் சரிவாகப் போகும் கோடு ஒன்று, கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், நகத்துக்குத் தட்டுப்பட்டது. நானும் தடவிப் பார்த்தேன். இருந்தது.

வெளியே போனோம். கதவுக்கும் மண்மேட்டுக்கும் இடையில் மூன்று அடி இடைவெளி. வீடு கட்ட மலையை நேராக வெட்டியிருக்கிறார்கள்; இடுப்பளவு உயரத்துக்குக் கருங்கல் சுவர், அதில் தண்ணீர் வெளியேற ஒரு குழாய்கூட இல்லை, அதற்கு மேலே இரண்டு ஆள் உயரத்துக்கு வெறும் செம்மண். நான்கு நாட்களாக மழையே இல்லாத போதும் கல்லிடுக்கிலிருந்து கலங்கிய தண்ணீர் கசிந்து கானுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மேலே நின்ற பலாமரம் வீட்டுப் பக்கமாகச் சாய்ந்து, பிறகு முழங்காலை மடக்கியதுபோல மேல்நோக்கித் திரும்பியிருந்தது. அம்மா அந்த மரத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

நாற்பது வருடமாக அந்த மண் அப்படியே நிற்கிறது என்று மாத்தயா சிங்களத்தில் சொன்னார். “எங்க லயத்துக்குப் பின்னாலயும் நின்னுச்சு” என்று அம்மாவும் சிங்களத்திலேயே பதில் சொன்னார்.

இங்கே நான் செய்ததை மறைப்பது நேர்மையாகாது: அம்மாவிடம் கோபப்பட்டேன். கம்பி இருக்கிறது, கமெரா இருக்கிறது, விளக்கு இருக்கிறது, இரண்டு வாரத்தில் இதைவிட நல்ல வீட்டுக்கு எங்கே போவது, மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தால் கண்டியில் ஒரு வீடும் எடுக்க முடியாது என்று, அத்தனை பேருக்கும் முன்னால், அந்த மூன்று அடி இடைவெளியில் நின்று வாதாடினேன். அம்மா குரலை உயர்த்தவில்லை. “கள்ளன் வந்தா கத்தலாம்” என்று மட்டும் சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டார்.

அன்றிரவு தூக்கம் வராமல் படித்துப் பார்த்ததில்தான், நான் தேடிய வரைபடம் இந்த நாட்டில் இல்லாமல் இல்லை, அது வேறு ஆபத்துக்காகப் போடப்பட்டிருக்கிறது என்று தெரிந்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வலயங்களை வரைபடமாக வைத்திருக்கிறது; மழை தொடரும்போது மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படியாகப் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக எச்சரிக்கை விடுகிறது; சிவப்பென்றால் வீட்டைவிட்டு வெளியேற வேண்டும். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை விழுந்தாலே கவனம், 100 தாண்டினால் எச்சரிக்கை, 150 தாண்டினால் வெளியேற்றம் என்பது பொதுவான அளவு. அம்மாவுக்கு இந்த எண்கள் தெரியாது. வாசலில் வைத்த வாளியில் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று இரவில் எழும்பிப் பார்க்கும் பழக்கம் அவருக்கு 2014 அக்டோபர் 29க்குப் பிறகு வந்தது. கொஸ்லந்தை மீரியபெத்தையில், முன்பே எச்சரித்திருந்தும் ஆட்களை அப்புறப்படுத்தாமல் விட்ட லயங்களின் மேல் காலை நேரத்தில் மலை இறங்கிய நாள் அது. அந்த வாளியை நான் வருகிறபோதெல்லாம் பார்த்திருக்கிறேன். கூரை ஒழுகுகிறது போல என்று நினைத்து, கூரைத் தகடுக்குக் காசு அனுப்பியிருக்கிறேன்.

பிறகு பார்த்த வீடுகளை விவரிக்கப் போவதில்லை. கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒன்று, மகாவலி ஆற்றுக்கு மிக அருகில். சுவரில் சேற்றுக் கோடு எந்த உயரத்தில் என்று பார்க்க இப்போது எனக்கே தெரிந்திருந்தது. கடைசியில் அமைந்தது, நானா கைவீசிக் கடந்துபோன மகியாவைப் பக்கத்தில்தான். சமதரையில் இரண்டு அறை, பின்னால் துணி காயப்போடும் முற்றம், அதற்கப்பால் இன்னொரு வீட்டின் சுவர். தெருவிளக்கு ஒன்று, அதுவும் எரியவில்லை. கமெரா கிடையாது. குடிவந்த அன்றே எதிர்வீட்டு அக்கா ஒரு கிண்ணம் மாசிச் சம்பலோடு வந்து, நாங்கள் எந்தத் தோட்டம், யார் வீட்டுப் பிள்ளைகள், மருமகள் எத்தனை மணிக்கு வேலை முடிந்து வருவாள், நான் எப்போது திரும்பிப் போவேன் என்பதுவரை விசாரித்துவிட்டுத்தான் போனார். முன்பின் தெரியாத ஒருவரிடம் வீட்டில் எப்போது ஆள் இருக்காது என்று சொல்லக்கூடாது என்பது என் கனடாப் பாடம். அம்மா அதற்குள் வீட்டின் இரண்டாவது சாவியையே அவரிடம் கொடுத்துவிட்டிருந்தார்.

குடியிருப்பாளர் விபரத்தைப் பொலிஸில் கொடுக்க வேண்டுமென்று வீட்டுக்காரர் சொன்னதால் போனேன். படிவம் சிங்களத்தில் மட்டும். தமிழும் அரச கரும மொழியாகி 1987இலிருந்து எத்தனை வருடம் என்று மனதுக்குள் கணக்குப் பார்த்தபடி, இருபது வருடமாகக் கைவிட்ட சிங்கள எழுத்துகளைக் கூட்டிக் கூட்டி வாசித்துக்கொண்டிருந்தேன். பொறுக்கமாட்டாமல் மருமகள் வாங்கி இரண்டு நிமிடத்தில் நிரப்பிக் கொடுத்தாள்.

திரும்புவதற்கு நான்கு நாள் இருக்கும்போது நானா மிச்சத் தரகுக் காசுக்காக வந்தார். பேச்சோடு பேச்சாக, அந்த அனெக்ஸ் போய்விட்டது என்றார். குருநாகலிலிருந்து மாற்றலாகி வந்த இளம் சோடி, கைக்குழந்தையும் உண்டு, வீட்டுக்காரர் சொன்ன வாடகையை அப்படியே கொடுத்து எடுத்துவிட்டார்களாம். பின்பக்கத்தைப் பார்த்தார்களா என்று கேட்டேன்.

“வியூ நல்லா இருக்குன்னாங்க தம்பி.”

மறுநாள் காலை நான் அந்தப் பகுதிக் கிராம சேவகரைத் தேடிப் போனேன். கைத்தொலைபேசியில் எடுத்திருந்த நான்கு படங்களையும் காட்டினேன்: கதவு மூலை, பச்சைச் சுவர், கசியும் தண்ணீர், பலாமரம். அவர் மரியாதையாகப் பார்த்தார். வீட்டுக்காரரோ குடியிருப்பவரோ விண்ணப்பித்தால் மாவட்ட அலுவலகத்திலிருந்து ஆள் வந்து பார்ப்பார்கள் என்றும், வெளிநாட்டில் இருக்கும் மூன்றாம் ஆள் சொல்லி எழுத முடியாது என்றும் விளக்கினார். பிறகு என்ன நினைத்தாரோ, மேசை லாச்சியிலிருந்து ஒரு கொப்பியை எடுத்து முகவரியை மட்டும் குறித்துக்கொண்டார். அங்கிருந்து நான் முச்சந்திக் கடைவரை போய், மேலே ஏறலாமா வேண்டாமா என்று ஒரு சோடா குடித்து முடியும்வரை நின்றேன். பாதையின் மூன்று விளக்குகளும் பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்தன. ஏறினேன். கேற்றுக்கு வெளியே நின்று கூப்பிட்டபோது, குழந்தையைத் தோளில் போட்டபடி அந்தப் பெண் வந்தாள். கேற்றைத் திறக்காமல், கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றே, நான் யார், எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த சிங்களத்தில், அடுப்படிப் பின்கதவின் மேல் மூலையை ஒரு தரம் பார்க்கச் சொன்னேன்.