பொட்ஸோடு கொழும்பில்: உப்பு, தண்ணீர், வயிற்றுப் பட்டி

படுத்திருக்கும்போது 70இல் இருக்கும் நாடித்துடிப்பு, எழுந்து நின்று பல் துலக்கி முடிப்பதற்குள் 120ஐத் தாண்டிவிடும். பிரஷர் மட்டும் சரியாகவே இருக்கும். எழுந்து 10 நிமிடத்துக்குள் துடிப்பு 30க்கு மேல் கூடி (பதின்ம வயதினருக்கு 40), இரத்த அழுத்தம் பெரிதாக விழாமல், மூன்று மாதத்துக்கு மேலும் இது நீடித்தால்தான் டொக்டர்மார் அதைப் பொட்ஸ் (POTS) என்ற வருத்தம் என்று சொல்வார்கள். எனக்குக் கொவிட்டுக்குப் பிறகு வந்தது. இரத்தச்சோகை, தைரொயிட் எல்லாம் பார்த்து, அவை இல்லை என்று உறுதியான பிறகே இந்தப் பெயர் கிடைத்தது. வெள்ளவத்தையில் இருந்து கோட்டைக்கு வேலைக்குப் போய் வந்துகொண்டு, சில வருடங்களாக மருந்தில்லாத வழிகளைக் கடைப்பிடிக்கிறேன். அதில் எது கைகொடுத்தது, எது கொடுக்கவில்லை என்பதை இதே தொல்லையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

நின்றவுடன் எல்லோருக்கும் இரத்தம் காலுக்கும் வயிற்றுக்கும் இறங்கும். நாளங்கள் உடனே சுருங்கி அதை மேலே தள்ளும். பொட்ஸ் உள்ள நமக்கு அந்தச் சுருக்கம் போதாது. பலருக்கு உடம்பில் ஓடும் இரத்தத்தின் அளவே குறைவு. அதை ஈடுகட்டத்தான் இதயம் அடித்துக்கொள்கிறது. ஆகவே செய்யவேண்டியது இரண்டுதான்: இரத்தத்தின் அளவைக் கூட்டுவது, அது கீழே தேங்காமல் பார்ப்பது. இரண்டையும் நிற்பதற்கு முன்பே செய்துவிட வேண்டும். தலை சுற்றத் தொடங்கிய பிறகு தண்ணீர் குடித்தால் எனக்கு உடனே பலன் தெரிவதில்லை.

தண்ணீர்தான் எனக்கு முதல் மருந்து. இரவே கட்டிலருகே அரை லீற்றர் போத்தல் வைத்துவிடுவேன். கண் விழித்ததும் சாய்ந்து உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமல் ஒரே மூச்சாகக் குடித்துவிட்டு, கால் மணி நேரம் கழித்தே காலைத் தரையில் வைப்பேன். நாள் முழுக்க 2 முதல் 3 லீற்றர் வரை. கொழும்பு வியர்வைக்கு இதுவே சில நாள் காணாது.

உப்புக்குத்தான் வீட்டில் சண்டை. சாதாரண ஆட்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளுக்கு 5 கிராமுக்குக் கீழே. பொட்ஸ்காரருக்கு 10 கிராம் வரைகூடச் சொல்கிறார்கள். "உப்பு கூடினா பிரஷர் வரும் பிள்ளை" என்று அம்மா இன்றைக்கும் சொல்வார். அப்பாவுக்குப் பிரஷர் என்பதால் கறியில் உப்புக் குறைவு. அதனால் சட்டியைத் தொடாமல் என் கோப்பையில் மட்டும் உப்புப் போட்டுக்கொள்கிறேன். கூடவே ஊறுகாய், கருவாடு, மோர் மிளகாய். வெளியே போகும் நாளில் ஜீவனி, அதாவது தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஓஆர்எஸ் உப்புப் பொடி. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் கலந்த ஓஆர்எஸ் கரைசலில் லீற்றருக்கு 2.6 கிராம் உப்பு இருக்கும், அதைச் சிறுகச் சிறுகக் குடிக்கலாம். செவ்விளநீரை எல்லோரும் சொல்வார்கள். நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் கூட, சோடியம் குறைவு. நான் உப்புச் சேர்த்தே குடிப்பேன். பிரஷர், சிறுநீரகம், இதய வருத்தம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் இப்படி உப்பைக் கூட்டுவதைத் தாங்களாக ஒருபோதும் தொடங்கக் கூடாது. டொக்டரிடம் கேட்டே ஆகவேண்டும்.

அடுத்தது இறுக்கமான காலுறை. 30 முதல் 40 மில்லிமீற்றர் பாதரச அழுத்தம், இடுப்பு வரை ஏறவேண்டும் என்பது பரிந்துரை. குளிர் நாட்டில் இருப்பவர்களுக்கு அது சரி. இங்கே காலை ஆறு மணிக்கே, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து இழுத்தாலும் ஈரத் தொடையில் துணி ஒட்டிக்கொண்டு முழங்காலுக்கு மேல் நகராது. போட்டு முடிக்கும்போதே துடிப்பு ஏறியிருக்கும். முழங்கால் வரையான சின்னக் காலுறையால் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை, ஏனென்றால் இரத்தம் அதிகம் தேங்குவது வயிற்றுப் பகுதியில்.

அப்புறம்தான் வயிற்றுப் பட்டி. பிள்ளை பெற்ற பெண்கள் கட்டுகிற அதே பட்டிதான், பார்மசிகளில் கிடைக்கும். கட்டிலிலேயே கட்டிக்கொண்டு எழுவேன், சட்டைக்குள் தெரியாது. உட்கார்ந்து வேலை செய்யும்போதும் சாப்பிட்ட பிறகும் தளர்த்திவிடலாம். கொழும்பில் இருப்பவர் ஒன்றே ஒன்றுதான் வாங்கலாம் என்றால், காலுறையை விட்டுவிட்டு இதை வாங்குங்கள் என்பேன்.

நிற்கவேண்டி வருகிற இடங்கள்தான் உண்மையான சோதனை. 100 இலக்க பஸ்ஸில் காலி வீதி நெரிசலில் இருக்கை கிடைக்காவிட்டால் இறங்கி அடுத்த பஸ்ஸைப் பார்ப்பேன், கூச்சப்படுவதில்லை. பார்மசி வரிசையில் கால்களைப் பின்னிக்கொண்டு தொடையையும் பிட்டத்தையும் இறுக்கி நிற்பேன். தசை இறுகும்போது இரத்தம் மேலே போகும். கோவிலில் அப்படி நிற்க மனம் வராது. அங்கே குதிகாலை ஏற்றி இறக்குவேன், பூசை நீண்டால் தரையில் உட்கார்ந்துவிடுவேன். குளியலறையில் ஒரு ஸ்டூல் இருக்கிறது, தண்ணீர் எப்போதும் குளிர்ந்ததுதான்.

மத்தியானச் சோறு எனக்குப் பெரிய எதிரி. வயிறு நிறையச் சாப்பிட்டால் இரத்தம் குடலுக்குப் போய்விடும், அடுத்த இரண்டு மணி நேரம் போச்சு. அதனால் ஒரே பார்சலை இரண்டு நேரமாகப் பிரித்துச் சாப்பிடுகிறேன்.

கட்டிலின் தலைப்பக்கக் காலுக்குக் கட்டை வைத்து நாலைந்து அங்குலம் உயர்த்தியிருக்கிறேன். பெரிய மாற்றம் என்று சொல்லமுடியாது, கெடுதலும் இல்லை.

உடற்பயிற்சிக்குத்தான் மிகப் பொறுமை வேண்டும். அமெரிக்காவின் டலஸில் டொக்டர் பெஞ்சமின் லெவினின் குழு வகுத்த முறையில் துடுப்பு இழுக்கும் மெஷின், சாய்ந்து மிதிக்கும் சைக்கிள், நீச்சல் என்று நிற்காத பயிற்சிகளில்தான் தொடங்குவார்கள். வீட்டில் அவை இல்லாததால் நான் பாய் விரித்துப் படுத்து, கால் தூக்குவதிலும் இடுப்பை உயர்த்திப் பிடிப்பதிலும் தொடங்கினேன். முதல் மாதங்களில் களைப்புக் கூடத்தான் செய்தது. இப்போது மாலையில் வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்கம் கொஞ்சம் நடக்கமுடிகிறது. ஆனால் சின்ன வேலைக்கே அடுத்த நாள் முழுக்கப் படுக்கவைக்கிற களைப்பு சிலருக்கு இருக்கும். அவர்கள் இப்படி உடம்பைத் தள்ளக் கூடாது.

ஏப்ரல் வெக்கைக்கு மட்டும் இவை எதுவும் போதவில்லை. அந்த மாதம் வெளிவேலைகளைக் காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுகிறேன். அடுத்த கிளினிக்கில், அந்தச் சில வாரங்களுக்காவது மருந்து சேர்க்கலாமா என்று கேட்கப்போகிறேன்.