சனி ராத்திரியா, ஞாயிறு காலையா? பிள்ளைகளோடு வீட்டில் ஈஸ்டர்

ஈஸ்டர் நெருங்கினால் எங்கள் வீட்டில் முதலில் எழும் கேள்வி ஒன்றுதான். பிள்ளைகளைச் சனிக்கிழமை நடுராத்திரிப் பூசைக்குக் கூட்டிப் போவதா, ஞாயிறு காலைப் பூசையோடு முடித்துக்கொள்வதா? கறி எப்போது எடுப்பது, முட்டைக்கு எப்போது சாயம் போடுவது, மத்தியானம் பிரியாணியா குழம்பா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். மற்றதையெல்லாம் பேசி முடித்துவிட்டு பூசை நேரத்தைக் கடைசியில் பார்த்த வருடங்களில் எங்களுக்கு ஒன்றுமே சரியாக அமைந்ததில்லை. பெரியவளுக்குப் பத்து வயது, சின்னவனுக்கு ஐந்து. இரண்டு விதமாகவும் போய்ப் பார்த்துவிட்டோம்.

காலைப் பூசையில் வசதி அதிகம், அதை மறைக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் ராத்திரி நன்றாகத் தூங்கியிருப்பார்கள். புதுத்துணி கசங்காது. ஒன்றேகால் மணி நேரத்தில் பூசை முடிந்துவிடும், ஒன்பது மணிக்கெல்லாம் இட்லித் தட்டு முன்னால் உட்கார்ந்துவிடலாம். மகதலா மரியா கல்லறைக்கு வந்து கல் புரட்டப்பட்டிருப்பதைப் பார்ப்பதும், பேதுருவும் மற்றச் சீடரும் ஓடி வருவதும்தான் அன்றைய வாசகம். ஓட்டம் இருப்பதால் பிள்ளைகளும் காது கொடுத்துக் கேட்பார்கள். கூட்டம்தான் பிரச்சினை. கொஞ்சம் பிந்தினாலும் வெளியில் பந்தலுக்குக் கீழேதான் இடம். மதுரை ஏப்ரல் வெயில் காலை எட்டு மணிக்கே முதுகில் ஏறும்.

ஆனால் காலையில் போகும்போது நடந்து முடிந்த ஒன்றுக்குத்தான் போகிறோம். பாஸ்கா திரி, அதாவது உயிர்த்த இயேசுவைக் குறிக்கும் பெரிய மெழுகுதிரி, ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும். உயிர்த்த ஆண்டவர் சுரூபம் சீரியல் பல்புக்கு நடுவே ஏற்கெனவே நிற்கும். போன வருடம் சின்னவன் அதைப் பார்த்துக் கேட்டான்: "அம்மா, இயேசு எப்ப எந்திரிச்சாரு?" "ராத்திரியே எந்திரிச்சிட்டாருடா" என்றேன். "அப்ப நம்ம ஏன் வரல?" என்றான். எனக்குப் பதில் வரவில்லை.

ராத்திரிப் பூசை, அதாவது பாஸ்கா திருவிழிப்பு, எங்கள் பங்குக் கோயிலில் பதினோரு மணிக்கு ஆரம்பிக்கும். கோயிலில் எல்லா விளக்கையும் அணைத்துவிடுவார்கள். வாசலில் நெருப்பு மூட்டி, சாமியார் அதை மந்திரித்து, பாஸ்கா திரியில் சிலுவையும், தொடக்கமும் முடிவும் கிறிஸ்துவே என்பதற்காக அகரமும் னகரமும், அந்த வருடத்தின் நான்கு எண்களும் வரைவார். இயேசுவின் ஐந்து காயங்களுக்காக ஐந்து சாம்பிராணி மணிகளைச் செருகுவார். பெரியவள் முன்வரிசைக்குப் போய் நின்று அந்த எண்களை எட்டிப் பார்த்துவிட்டு, "இந்த வருஷத்தையே எழுதிருக்காங்கம்மா" என்று என்னிடம் ஓடிவந்தாள். இருட்டில் அந்த ஒற்றைத் திரி மூன்று இடத்தில் நின்று நின்று உள்ளே போகும். அதிலிருந்து ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு நெருப்பு பரவும். பிள்ளைகளுக்கு மெழுகு கையில் சொட்டாமல் இருக்க, காகிதக் கப்பின் அடியில் ஓட்டை போட்டு மெழுகுவத்தியைச் செருகிக் கொடுங்கள். கப்புக்குள் வெளிச்சம் நின்று முகத்தில் படும்போது, எப்போதும் துறுதுறுவென்று இருக்கும் பிள்ளைகூட மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கும்.

அதற்குப் பிறகுதான் கஷ்டம். பழைய ஏற்பாட்டிலிருந்து ஏழு வாசகங்கள் உண்டு. பல பங்குகளில் குறைத்து வாசித்தாலும் செங்கடலைக் கடக்கும் வாசகத்தை விடுவதில்லை. பிள்ளைகள் தூங்கிப்போவது இந்த இடத்தில்தான். தூங்கட்டும். ஓரமாக ஒரு போர்வையை விரித்து மடியில் போட்டுக்கொள்ளுங்கள். 'உன்னதங்களிலே' என்ற புகழ்ப்பாட்டைப் பாடுவதற்குச் சற்று முன்னால் எழுப்பிவிட வேண்டும். பெரிய வியாழனிலிருந்து அடிக்காமல் இருந்த மணிகள் அத்தனையும் அப்போது ஒன்றாக அடிக்கும், திரை விலகும், விளக்கெல்லாம் பளிச்சென்று எரியும், வெளியே வெடி வெடிக்கும். தூக்கக் கலக்கத்தில் கண்ணைத் திறக்கும் குழந்தைக்கு உயிர்ப்பு என்றால் என்ன என்று அதற்கு மேல் நான் எதைச் சொல்லி விளக்குவேன்?

வீடு திரும்ப ஒன்றரை, இரண்டு மணி ஆகும். இதுதான் அதற்குக் கொடுக்கும் விலை. மறுநாள் பிள்ளைகள் சிடுசிடுவென்று இருப்பார்கள். திங்கட்கிழமை முழு ஆண்டுப் பரீட்சை இருந்தால் யோசிக்கவே வேண்டாம், காலைப் பூசைதான்.

மூன்றாவதாக இன்னொரு வழி இருக்கிறது. எங்கள் பக்கத்து வீட்டு அக்கா சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை. அவர்கள் சபையில் அதிகாலை நாலரைக்கு உயிர்த்தெழுதல் ஆராதனை. சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கே பிள்ளைகளைப் படுக்கப் போட்டுவிட்டு, மூணேமுக்காலுக்கு எழுப்புவார். இருட்டில் போய் விடியும்போது வெளியே வருகிறார்கள். பெண்கள் கல்லறைக்குப் போனதும் அதிகாலையில்தானே. தூக்கமும் கெடவில்லை, இருட்டும் வெளிச்சமும் பிள்ளைக்குக் கிடைக்கிறது. எங்கள் பங்கில் அப்படி ஒரு நேரம் இருந்திருந்தால் ஐந்து வயதுக்காரனுக்கு அதைத்தான் எடுத்திருப்பேன்.

2022இல் எங்களுக்கு எல்லாம் ஒரே நாளில் வந்தது. மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் பௌர்ணமியை அடுத்த ஞாயிறு ஈஸ்டர். அழகர் வைகையில் இறங்குவதும் பௌர்ணமியை ஒட்டித்தான், சித்திரைப் பௌர்ணமி. ஈஸ்டர் பிந்தி வரும் சில வருடங்களில் இரண்டும் மோதும். 2019இல் அழகர் இறங்கியது புனித வெள்ளியன்று, ஏப்ரல் 19. 2022இல் புனித சனியன்று, ஏப்ரல் 16. கொரோனாவால் இரண்டு வருடம் அடைபட்டிருந்த ஊர் மொத்தமும் ஆற்றுப் பக்கம்தான். நாங்களும் விடியுமுன்னே போய் வந்தோம். மகளுக்கு அப்போது ஆறு வயது. பகலில் அவளைத் தூங்க வைக்க முடியவில்லை, ராத்திரி நெருப்பு மூட்டுவதற்கு முன்னாலேயே அப்பா தோளில் சாய்ந்துவிட்டாள். மணி அடித்தபோதும் எழவில்லை. அப்போதுதான் புரிந்தது: ராத்திரிப் பூசைக்குப் போவதென்றால் சனிக்கிழமை பகலை அதற்காகவே காலியாக விட வேண்டும்.

அடுத்த வருடம் குடும்பத்தைப் பிரித்துப் பார்த்தோம். அவரும் மகளும் ராத்திரி, நானும் சின்னவனும் காலை. யாருக்கும் சிரமமில்லை. ஆனால் நாங்கள் புறப்படும்போது அவர்கள் தூக்கம், அவர்கள் எழும்போது எங்களுக்குக் களைப்பு. ஒரே மேசையில் நால்வரும் உட்கார்ந்தது சாயங்காலம் காபிக்குத்தான். அதை இனிமேல் செய்ய மாட்டேன்.

என் தீர்ப்பு இது. மூன்று வயதுக்குக் கீழே என்றால் காலை. ஐந்து தாண்டிவிட்டால் ராத்திரி, குடும்பமாக, போர்வையோடு. நடுவில் உள்ள பிள்ளைகளை உங்களுக்குத்தான் தெரியும்.

ராத்திரி என்று முடிவானால் முட்டைச் சாயத்தைச் சனிக்கிழமை காலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பேக்கரியில் வாங்கும் சாக்லேட் முட்டை பார்க்க அழகு, ஆனால் கோகோ வெண்ணெய் சுமார் 34 டிகிரியிலேயே இளகிவிடும். நம் ஊர் சித்திரை வெயிலில் அது பிள்ளையின் கைக்கும் சட்டைக்கும்தான். வெங்காயத் தோல் எவ்வளவோ மேல். ஒரு வாரம் சேர்த்து வைத்த தோலைத் தண்ணீரில் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, இரண்டு கரண்டி வினிகர் ஊற்றி, அதில் முட்டையை வேகவைத்தால் செம்பழுப்பாக நிறம் ஏறும். மஞ்சள்தூளில் மஞ்சள் வரும். பீட்ரூட் மட்டும் ஏமாற்றிவிடும், ஈரத்தில் ரோஜா நிறமாக இருந்து காய்ந்ததும் வெளிறிப்போகிறது. ஒரு கொத்தமல்லி இலையை முட்டையில் ஒட்ட வைத்து, பழைய வேட்டித் துணியால் இறுக்கிச் சுற்றிக் கட்டி வேகவைத்தால், அவிழ்க்கும்போது இலை மட்டும் வெள்ளையாகப் பதிந்திருக்கும். நரம்புகூடத் தெரியும். வெந்த முட்டையை இந்தச் சூட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்காமல் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். பதினொன்றரைக்குள் இந்த வேலையை முடித்துவிட்டால், சாப்பிட்டதும் பிள்ளைகள் தானாகத் தூங்கிவிடுவார்கள்.

சாப்பாட்டுக்கும் அதே கணக்கு. காலைப் பூசை என்றால் வீட்டிலேயே சீரகச் சம்பா பிரியாணி போடலாம், நேரம் இருக்கும். ராத்திரிப் பூசை என்றால் வேண்டாம். ஒரு வருடம் கடையில் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தோம், பன்னிரண்டரைக்குச் சொன்னது மூன்று மணிக்கு வந்தது. பிள்ளைகள் அதற்குள் தயிர்சோறு சாப்பிட்டுத் தூங்கிப்போனார்கள். இப்போதெல்லாம் சனிக்கிழமை சாயங்காலமே கறி எடுத்துவிடுகிறோம். அத்தை அன்றைக்கே மசாலா அரைத்து வைத்துவிடுவார். நாற்பது நாள் கறி எடுக்காத வீட்டில் ஞாயிறு காலை குழம்பு கொதிக்கும் வாசனைக்கே பிள்ளைகள் எழுந்துவிடுகிறார்கள், பத்து மணி வாக்கில். இட்லி, கறிக்குழம்பு, சாயம் போட்ட முட்டை. அப்பத்தா உரித்துக் கொடுக்கக் கொடுக்க இருவரும் சாப்பிடுவார்கள். இலை பதிந்த முட்டையை மட்டும் சின்னவன் உரிக்கவே விடமாட்டான்.