டிவி பார்த்துச் சமைத்த அனுபவம்: எதை நம்பலாம், எதை விடலாம்

தனிக்குடித்தனம் வந்த நாளிலிருந்து சமையல் நிகழ்ச்சிகளைப் பார்த்துச் சமைத்து வருகிறேன். எங்கள் வீட்டில் இரண்டு பர்னர் அடுப்பு, 14.2 கிலோ சிலிண்டர், ஒரு மிக்ஸி, சாப்பிட ஐந்து பேர். ஓவன் கிடையாது. இதை வைத்துத்தான் சொல்கிறேன்.

பெரிய குறை நேரம்தான். ‘பதினைந்தே நிமிஷம்’ என்பார்கள். அந்தக் கடிகாரமே, நறுக்கின வெங்காயம் கண்ணாடிக் கிண்ணத்தில் வந்து உட்கார்ந்த பிறகுதான் ஓடத் தொடங்குகிறது. கால் கிலோ சின்ன வெங்காயம் உரிப்பது, தேங்காய் துருவுவது, புளி கரைப்பது எதுவும் கணக்கில் வராது. கொண்டைக்கடலை ‘ஏற்கெனவே ஊறவைத்தது’ என்று வந்துவிடும். ராத்திரி படுக்கப்போகும் முன் ஞாபகமாக அதை ஊறப்போடுவது யார்? வெங்காயம் ஐந்து நிமிஷத்தில் பொன்னிறமாகுமாம். குருமாவுக்கு வேண்டிய அந்த நிறம் வர வீட்டு அடுப்பில் அரை மணி நேரம் பிடிக்கும். அதிலுள்ள தண்ணீர் வற்றினால்தானே நிறம் மாறும்? அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் ஓரம் கருகி, நடு பச்சையாகவே கிடக்கும்.

அடுத்தது செலவு. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, சென்னை ரேஷன் கடைகளில் அரசே 60 ரூபாய்க்கு விற்றது. அந்தச் சமயத்திலும் திரையில் ஒரு செஃப் அரை டஜன் தக்காளியை அரைத்து வடிகட்டி, சக்கையைத் தள்ளிவைத்தார். ஃபிரெஷ் கிரீம் இரண்டு ஸ்பூன் போதும் என்பார்கள். மீதிப் பாக்கெட் ஃபிரிட்ஜில் புளித்துக் கிடப்பது நம் பாடு. இப்போது கிரீமுக்குப் பதில் நாலு முந்திரியை ஊறவைத்துப் பாலில் அரைத்து ஊற்றுகிறேன். ருசியில் வித்தியாசம் தெரிவதில்லை.

பாத்திரம் தேய்ப்பதைப் பற்றி எந்த நிகழ்ச்சியிலும் பேச்சே இல்லை!

‘குக் வித் கோமாளி’யைப் பார்த்து எதையும் செய்ததில்லை. ஆனாலும் வெங்காயம் உரிக்கவே திணறுகிறவர்களை அதில்தான் பார்க்க முடிகிறது. யூடியூபில் வரும் புதுக்கோட்டைப் பக்கத்து வில்லேஜ் குக்கிங் சேனலிலும் பாசாங்கு இல்லை. ஊருக்கே சமைக்கிறார்கள். நம் வீட்டிலும் இதைச் செய்யலாம் என்று ஆசை காட்டுவதில்லை, அதனால் ஏமாற்றமும் இல்லை.

மசாலா விகிதத்துக்கு டிவியைத் தாராளமாக நம்பலாம். மல்லி, மிளகாய், சோம்பு அளவு பெரும்பாலும் சரியாகவே வந்திருக்கிறது. சொல்கிற நேரத்தை மூன்றால் பெருக்கிக்கொள்ளுங்கள். வேலைநாளில் புதுசாக எதையும் ஆரம்பிக்க வேண்டாம்.

பதம் பார்க்க வேண்டிய பண்டங்களுக்கு மட்டும் இன்றும் நிகழ்ச்சிகளைத் தேடிப் பார்க்கிறேன். அதிரசத்துக்குப் பாகு எப்போது இறக்குவது, ஜாங்கிரி மாவு எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் எழுத்தில் படித்தால் பிடிபடுவதில்லை. தண்ணீரில் விட்ட பாகு கரையாமல் உருட்ட வருவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எனக்கு அதிரசம் உதிராமல் வந்தது.