பல்லுக்குக் கிளிப் போடும் முன் தாடை மூட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டினம், பர்கூர் பக்கம் பத்தாவது, பதினொன்றாவது படிக்கிற பெண் பிள்ளை வைத்திருப்பவர்கள் இதைத் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். "கிளிப் போட்டால் சரியாகிவிடும்" என்ற ஒரு வார்த்தையை நம்பி இரண்டு வருடத்தையும் 62,000 ரூபாயையும் விட்டிருக்கிறேன். பணம் போனது போகட்டும். அந்த இரண்டு வருடமும் என் மகளின் தாடை எலும்பு தேய்ந்துகொண்டே இருந்திருக்கிறது.

நான் வீட்டில் ரவிக்கை தைக்கிறேன். கொக்கி வைப்பது, ஹெம்மிங் எல்லாம் பாப்பாதான். நூலைப் பல்லால் கடித்துத்தான் அறுப்பாள், வேண்டாமென்று எத்தனை முறை சொன்னாலும் கேட்கமாட்டாள். 2022 ஜனவரியில் ஒரு நாள் அவளாகவே கத்தரியை எடுத்தாள். "என்னடி, புத்தி வந்துடுச்சா?" என்றேன். "இல்லம்மா, நூல் பல்லுல மாட்டவே மாட்டேங்குது" என்று முன்பல்லுக்கு நடுவில் நூலை வைத்து இழுத்துக் காட்டினாள். நூல் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. பல்லை இறுகக் கடித்தும் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடவில்லை, நடுவில் ஒரு ரூபாய்க் காசு நுழைகிற சந்து.

வாயைத் திறந்தால் காதோரம் 'டக்'கென்று சத்தம் வருகிறது, வலிக்கிறது என்று அதற்கு முன்பே சொல்லியிருக்கிறாள். காது டாக்டர் சொட்டு மருந்து கொடுத்தார், அத்தோடு விட்டுவிட்டோம். எங்கள் வீட்டில் ராத்திரிக்கு ராகிக் களி. களியை மெல்ல வேண்டாமே, உருட்டி விழுங்குவதுதானே. அதனால் அவளால் சரியாகக் கடிக்க முடியவில்லை என்பதே எங்களுக்குத் தெரியாமல் போனது. இதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

பல் கிளினிக்கில் ஓபிஜி எக்ஸ்ரே எடுத்தார்கள், பல்லும் தாடையும் முழுதாக ஒரே படத்தில் விழுவது. காதோரச் சத்தத்தை நான் இரண்டு முறை சொன்னேன். "இந்தப் பக்கத்துத் தண்ணி அப்படிம்மா, ஃப்ளோரைடு. எலும்பையும் பிடிக்கும்" என்றார் டாக்டர். நம்பினேன். 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வரும்வரை போர் தண்ணீர் குடித்தவர்கள் நாங்கள், பாப்பாவின் பல்லிலும் பழுப்புக் கோடு உண்டு. ஃப்ளோரைடு பல்லைக் கறையாக்கும், அதிகமானால் எலும்பையும் மூட்டையும் கெடுக்கும் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் அதைச் சொல்லிக்கொண்டு மூட்டைப் பார்க்காமலே விட்டதுதான் தப்பு.

கிளிப்புக்கு 45,000 பேசி, 20,000 முன்பணம் கட்டினேன். ரப்பர் மாட்டினார்கள். சந்து கொஞ்சம் மூடும், மறுபடி திறக்கும். "நாக்கைத் தள்ளுறா, பழக்கம்" என்று பிள்ளை மேல் பழி போட்டார்கள். நானும் அதைக் கேட்டு அவளைத் திட்டியிருக்கிறேன். அப்புறம் "பின்பல் உயரமா இருக்கு" என்று கடவாய்ப் பற்களை ராவிவிட்டார்கள். இரண்டு வாரம் நன்றாக இருந்தது, பிறகு பழைய கதைதான். ராவிய எனாமல் திரும்ப வளராது. இப்போது பானைத் தண்ணீர் குடித்தால்கூட அவளுக்குக் கூசுகிறது.

2024 பிப்ரவரியில் என்னிடம் தைக்க வந்த ஒரு நர்ஸ் அம்மா பாப்பாவைப் பக்கவாட்டில் பார்த்துவிட்டு, "பழைய போட்டோ இருக்கா?" என்று கேட்டார். ஒன்பதாவது படித்தபோது எடுத்த பஸ் பாஸைக் காட்டினேன். அதில் மோவாய் எடுப்பாக இருந்தது. எதிரில் நிற்பவளுக்கு உள்ளே போயிருந்தது. தினமும் பார்க்கிற எனக்குத் தெரியவில்லை. "பல் டாக்டர் போதாதுக்கா, தாடை ஆபரேஷன் பண்ற டாக்டரைப் பாருங்க" என்றார்.

பெங்களூரு போனோம். எம்ஆர்ஐ, சிடி எடுத்தார்கள். மூட்டுவாதமா என்று பார்க்க ரத்தப் பரிசோதனை, தேய்மானம் இன்னும் நடக்கிறதா என்று பார்க்க டெக்னீசியம் என்ற கதிரியக்க மருந்தை ஊசியில் போட்டு எலும்பு ஸ்கேன். நோயின் பெயர் இடியோபதிக் கான்டைலர் ரிசார்ப்ஷன். காதுக்கு முன்னால் கீழ்த்தாடை போய்ச் சேருகிற குமிழ் போன்ற நுனி கரைந்து குட்டையாகிறது, காரணம் உறுதியாகத் தெரியாது. அரிதான நோய், பெரும்பாலும் பதின்ம வயதுப் பெண்களுக்கு வருவது. நுனி குட்டையானால் தாடை பின்னால் சரிகிறது, பின்பல் முதலில் முட்டுகிறது, முன்பல் திறந்துகொள்கிறது. வீட்டுத் தூண் இறங்கிக்கொண்டிருக்கும்போது கதவை இழைத்துக் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். தேய்மானம் ஓய்வதற்கு முன் கிளிப் போட்டால் பல் சரியான இடத்தில் நிற்காது, ரப்பர் இழுப்பு மூட்டின் மேல் பாரத்தையும் ஏற்றக்கூடும் என்றார் அந்த டாக்டர்.

முதல் ஓபிஜியை, கிளினிக்கில் திரையில் காட்டியபோது பாப்பா செல்போனில் படம் எடுத்து வைத்திருந்தாள். அதைப் பெரிதாக்கிப் பார்த்த டாக்டர், அப்போதே இரண்டு பக்கமும் நுனி தட்டையாகத் தொடங்கியிருப்பதைக் காட்டினார். பல்லுக்கு எடுத்த அதே படத்தில், மேலே இரண்டு ஓரத்திலும் இருந்திருக்கிறது. பல் வரிசைக்கு மேலே அங்கே யாரும் பார்க்கவில்லை.

இப்போது கிளிப்பைக் கழற்றியாகிவிட்டது. ராத்திரி பல்லின் மேல் மாட்டிக்கொள்ள ஸ்ப்லின்ட் என்ற தகடு, வீக்கத்துக்கு மாத்திரை, மெத்தென்ற சாப்பாடு. தேய்மானம் நின்றது உறுதியான பிறகுதான் தாடையை முன்னுக்குக் கொண்டுவரும் ஆபரேஷன். மூட்டு ரொம்பக் கெட்டிருந்தால் செயற்கை மூட்டு வைக்க வேண்டிவரலாம்.

கிளினிக்கில் போய்க் கேட்டேன். "அது ரொம்ப அபூர்வமான நோய்ம்மா, எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார்கள். தெரியாமல் இருந்ததற்கு நான் சண்டை போடவில்லை. பெரிய இடத்துக்கு அனுப்பாமல் பல்லை ராவினார்களே, அதற்குத்தான். எக்ஸ்ரே பிரதியை இன்றுவரை தரவில்லை. கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கிறேன். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் புகார்க் கட்டணம் கிடையாது, ஆனால் 2 வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்.

சேர்ந்திருந்த முன்பல் புதிதாகத் திறந்தாலோ, மோவாய் உள்ளே போகிற மாதிரி தெரிந்தாலோ, காதோரம் சத்தமும் வலியும் இருந்தாலோ, மூட்டைப் படம் எடுத்துப் பார்க்காமல் முன்பணம் கட்டாதீர்கள். பல்லை ராவ விடவே விடாதீர்கள். எடுக்கிற ஒவ்வொரு எக்ஸ்ரேவையும் அன்றைக்கே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பாப்பாவுக்கு அடுத்த ஸ்கேன் தை மாதம். போன முறை படத்தோடு வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார் டாக்டர்.